மஞ்சள் கட்டடம், இரண்டாம் மாடி

மே 28

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முதுகைத் தவிர. பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசன், தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியலை. உனக்கு அந்தத் தொண்டைக் கரகரப்பு போச்சா? போன தடவை போன்ல பேசினப்போ தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி இருந்துச்சு. வெந்நீர் குடி.

விஷயத்துக்கு வரேன். நம்ம வாலுக்கு நீ வேலை பார்க்கிற யூனிவர்சிட்டியிலேயே இடம் கிடைச்சிருக்கு! சேதி வந்ததிலேருந்து பிள்ளை நடக்கிறதே இல்லை, பறக்கிறா. செப்டம்பர்ல வகுப்பு. ஹாஸ்டல்ல இடம் இல்லைன்னு கையை விரிச்சுட்டாங்க. உங்க மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே. எடைமேடையில லாரியை நிறுத்து நிறுத்து, வீட்டுலயும் எதுக்கும் சீட்டு கேட்கிற மனுஷன். "பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பணும்னா தாய்மாமன் கூப்பிடு தூரத்துல இருக்கணும். வீட்டை அவன் கண்ணால பார்த்து, நல்ல வீடுன்னு கைப்பட எழுதித் தரணும். ஆகஸ்ட் முடியறதுக்குள்ள ஆகலைன்னா படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்"னு சொல்லிட்டார். போன்ல சொன்னா செல்லாதாம். வாயால சொன்னது காத்தோட போயிடுமாம்.

அதனால உன்னைத்தான் மலை போல நம்பியிருக்கேன். கேட்டுக்குப் பக்கத்துல பாரு. ஆஸ்பத்திரியும் நடந்து போற தூரத்துல இருக்கணும், அவளுக்கு அந்த இழுப்பு எப்போ வரும்னு சொல்ல முடியாது. உன் டெஸ்டரை மறக்காம எடுத்துக்கிட்டுப் போ. அதைத்தான் யார் கையிலயும் தரமாட்டியே! மாமா அதைக் கேட்காம எடுத்துப் பெயின்ட் டப்பாவைத் திறந்து பிடியை உடைச்சதுக்கு, நீல டேப்பைச் சுத்திக்கிட்டே ஒரு வாரம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசலையே நீ.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

*

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகு எப்படி? மெஷின் ஸ்டூலை மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது. வாலுக்கு என் முத்தம். நம்ம குடும்பத்துல யூனிவர்சிட்டிக்குள்ள ஏணி இல்லாம நுழையப்போற முதல் ஆள் அவதான்னு சொல்லு.

ஏணின்னதும் ஞாபகம் வருது. என் கூட வேலை பார்க்கிற நெட்டை எலக்ட்ரீஷியன் ஒருத்தர், நாங்க 'ஏணி'ன்னுதான் கூப்பிடறது. ஸ்டூல் போடாம ட்யூப்லைட் மாட்டுவார். அவரையும் கூட்டிக்கிட்டு ஒரு வீடு பார்த்தேன். மெயின் கேட் எதிர்ல, ஜெராக்ஸ் கடை மாடி. வாசல்ல நிக்கிறப்போ அழகு. உள்ளே போய் சுவிட்ச் போர்டைக் கழட்டினாதான் லட்சணம் தெரியுது. எர்த் இல்லை, ஒயர் எல்லாம் தீஞ்சு கறுத்திருக்கு, பாத்ரூம் சுவர்ல டெஸ்டர் வெச்சா லைட் எரியுது! ஓனர் "இதுவரைக்கும் யாரும் செத்துப்போகலையே"ங்கறார். வாடகை கொடுத்து யாராவது ஷாக் வாங்குவாங்களா? வேண்டாம்னு வந்துட்டேன். வேற பார்க்கிறேன்.

என் போன் மொட்டைமாடியிலேருந்து விழுந்து தூளாயிடுச்சு. உடனே வேற வாங்கலை. மாமாதான் எழுத்துல கேட்கிறாரே, கடுதாசியே போடு. ஆபீஸ் முகவரிக்குப் போட்டா போதும்.

கரகரப்பு ஒண்ணுமில்லை, சுவர் குடையற தூசு.

உன் 'ஸ்பீக்கர்'

*

ஜூன் 12

அன்புள்ள ஸ்பீக்கருக்கு,

நாங்க நலம். முதுகு அப்படியேதான் இருக்கு, ஸ்டூலும் அப்படியேதான் இருக்கு. நீ எப்படி இருக்கே? உன் கடுதாசியைப் படிச்சு வாலு விழுந்து விழுந்து சிரிச்சா. மாமா சிரிக்கலை, ஆனா "பையன் போர்டைத் திறந்து பார்த்திருக்கான் பாரு"ன்னு ரெண்டு தடவை சொன்னார். அவர் வாயில அதுவே பெரிய பாராட்டு.

இதே மாதிரி பார்த்து நல்லதா ஒண்ணு முடி. ஒரு போன் வாங்கித் தொலையேன். நீ தெருமுனையில பேசினா இங்கே கொல்லையில கேட்கும், அப்படிப்பட்ட வெண்கலத் தொண்டை. அந்தச் சத்தம் கேட்காம வீடே என்னமோ மாதிரி இருக்கு.

சீக்கிரம் எழுது. உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

*

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்க எல்லாரும் நலமா? இத்தனை நாள் எழுதாததுக்குக் கோவிச்சுக்காதே. ஆஸ்பத்திரியில புது ஒயரிங் வேலை நடக்குது, எங்களை அங்கே போட்டுட்டாங்க. பாதி நேரம் இங்கேதான்.

வீடு கிடைச்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கும் யூனிவர்சிட்டி பின் கேட்டுக்கும் நடுவுல ஒரு சந்து. மூணு மாடி மஞ்சள் கட்டடம். ரெண்டாம் மாடியில 'வாடகைக்கு'ன்னு போர்டு தொங்குது. காலையில பால்கனியில நல்லா வெயில் விழும், மத்தியானம் போயிடும். துணி காயப் போதும். கீழே ஓனரம்மா குடியிருக்காங்க. கேட்டைத் திறந்து போட்டுட்டு யார் போனாலும் வெளியே வந்து திட்டுவாங்க, அது நமக்கு நல்லதுதானே. முதல் மாடியில மூணு பொண்ணுங்க, அதே யூனிவர்சிட்டி. விடியும்போதே ஒரு பொண்ணு படியில உட்கார்ந்து படிக்கும். மொட்டைமாடியில தண்ணித் தொட்டி மூடி உடைஞ்சிருக்கு, காக்கா இறங்கிக் குளிக்குது, அதை மட்டும் மாத்தச் சொல்லணும். மாடிப்படி விளக்கு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு அடிச்சுக்குது. யாரும் கவனிக்கலை.

சந்துல எந்தத் தறுதலையும் நிக்கிறதில்லை. இது நல்ல வீடு அக்கா. மாமாகிட்ட சொல்லு.

உன் தம்பி

*

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். வாலுக்கு மட்டும் சந்தோஷத்துல தூக்கம் வரலை. நீ சுகமா? கடுதாசியில ஏதோ மருந்து வாசனை அடிக்குது, ஆஸ்பத்திரி வேலைன்னா அப்படித்தானோ? உன் எழுத்தும் ஏன் இப்படிக் குறுகிப் போச்சு? பேப்பர் தட்டுப்பாடா?

வீடு பிடிச்சிருக்கு. தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் நானே தைச்சு அனுப்பறேன், நல்ல துணி வெட்டி வெச்சிருக்கேன். அதுக்கு ஜன்னல் அளவு வேணும். உயரம், அகலம், மேலே கம்பி மாட்ட ஆணி இருக்கா, எல்லாம் எழுது. சமையல்கட்டு எப்படி? குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளேருந்து சரியா விழுதா? மாமா கேட்கிறார், "போர்டைத் திறந்து பார்த்தானா, எர்த் இருக்கா?" அதையும் எழுது.

நேரத்துக்குத் தூங்கு. உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

*

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனைவர் நலத்தையும் கேட்டதாகச் சொல்லவும்.

ஜன்னல் மூணு. ரெண்டு ஆஸ்பத்திரியைப் பார்த்து, ஒண்ணு பக்கவாட்டுல. அளவு நீயே சுமாரா வெச்சுக்கோ, பெரிசா இருந்தா மடிச்சுத் தைச்சுக்கலாம். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும். போர்டுல இருக்கிற போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கேன். ஓனரம்மாகிட்ட நீயே பேசி அட்வான்ஸ் அனுப்பிடு. வேற யாராவது எடுத்துக்கப் போறாங்க.

மாமாகிட்ட காட்ட இதை வெச்சுக்கோ: வீட்டை என் கண்ணால பார்த்தேன். நல்ல வீடு. பிள்ளையை நம்பி அனுப்பலாம்.

வேலை அதிகம். வேற ஒண்ணும் இல்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

நாங்க நலம். நீ நலமான்னு வழக்கமா கேட்கிற மாதிரி இந்தத் தடவை கேட்கலை. நிஜமாவே கேட்கிறேன்.

ஓனரம்மாவுக்குப் போன் பண்ணினேன். "என் தம்பி, கறுப்பா, சத்தமா பேசுவான், ரெண்டாம் மாடியைப் பார்த்தானே"ன்னேன். அவங்க, "ஒரு மாசமா யாரும் வந்து பார்க்கலையேம்மா, சாவி என்கிட்டயேதான் இருக்கு"ன்னாங்க.

உன் கடுதாசி ரெண்டையும் மறுபடி எடுத்துப் படிச்சேன். அளவெடுத்துத் துணி வெட்டறவடா நான், ஒரு விரக்கடை குறைஞ்சாலும் கண்ணுல படும். எந்த வீட்டுக்குள்ள போனாலும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி சுவிட்ச் போர்டைப் பார்க்கிறவன் நீ. எங்க கல்யாணத்தன்னிக்கே மாமா வீட்டு ஃபியூஸைக் குறை சொன்னவன். இந்த வீட்டைப் பத்தி ஒரு சுவிட்சு கூட எழுதலை. எழுதினதெல்லாம் பால்கனி, படி, தெரு, துணி. சரி, வெளியிலேருந்து பார்த்திருக்கான், சோம்பேறின்னு திட்டலாம்னு பார்த்தேன். அப்புறம் அந்தத் தொட்டி மூடி ஞாபகம் வந்துச்சு. மூணு மாடிக்கு மேல இருக்கிற தொட்டிக்குள்ள காக்கா குளிக்கிறது தெருவுல நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஓனரம்மாகிட்டயே கேட்டேன், உங்க கட்டடத்தை விட உயரமா பக்கத்துல என்னம்மா இருக்குன்னு. "ஆஸ்பத்திரி மட்டும்தான்"னாங்க.

விடியும்போது படியில படிக்கிற பொண்ணைப் பார்க்கிறே. காலை வெயில் பார்க்கிறே, மத்தியானம் நிழல் பார்க்கிறே. ஒயரிங் வேலை பார்க்கிறவன் ஒரே ஜன்னல்ல நாள் பூரா நிப்பானா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. நீ எங்கேடா இருக்கே? ஏன் 'ஸ்பீக்கர்'னு கையெழுத்துப் போடறதை விட்டுட்டே? இன்னிக்கே பதில் எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 16

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். நான் உங்க தம்பி கூட வேலை பார்க்கிறவன். ஏணின்னு சொல்லியிருப்பார். உங்க கடுதாசியைப் படிச்சதிலேருந்து அவர் பேனாவை எடுத்து எடுத்து வெச்சிடறார். அதனால நான் எழுதறேன். அவர் எழுதச் சொல்லலை, தெரிஞ்சா திட்டுவார். திட்டினா பரவாயில்லை, அந்தத் திட்டைக் கேட்டும் ரொம்ப நாளாச்சு.

அவருக்குத் தொண்டையில கட்டி. நல்ல கட்டி இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஜூன் மாசமே குரல் சுத்தமா போயிடுச்சு. போன் உடையலை, என் பையிலதான் இருக்கு. ஜூன் கடைசியிலேருந்து ஆஸ்பத்திரியில ஏழாம் மாடியில இருக்கார். செப்டம்பர் முதல் வாரம் ஆபரேஷன். குரல்வளையையே எடுக்கணுமாம்.

உங்களுக்குத் தெரிஞ்சா மாமாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரிஞ்சா பிள்ளை படிப்பு போச்சுன்னு ஒரே பிடியா இருக்கார். உடும்புப்பிடி. ஒண்ணு மட்டும் சொல்றேன். நாங்க பார்க்கப் போறப்போ எல்லாம் ஜன்னல்லதான் நிப்பார், அந்த மஞ்சள் கட்டடத்தைப் பார்த்துக்கிட்டு.

தப்பா எழுதியிருந்தா மன்னிக்கணும். உடம்பைப் பார்த்துக்கோங்க.

இப்படிக்கு,
ஏணி

*

ஆகஸ்ட் 20

என் தம்பிக்கு,

ஏணியை ஒரு வார்த்தை திட்டினே, வந்து உன் காதைத் திருகிடுவேன்.

அழுது முடிச்சுட்டுத்தான் எழுதறேன். உன் மேல எனக்கு இருக்கிற கோவத்துக்கு அளவே இல்லை. கேட்டா பிள்ளை படிப்புங்கிறே. அவ படிப்பு எனக்கு முக்கியம்தான். நீ முக்கியம் இல்லையாடா?

மாமாகிட்ட சொல்லலை. கல்யாணமான நாள்லேருந்து அவர்கிட்ட நான் மறைக்கிற முதல் விஷயம் இது. உன் ஜூலைக் கடுதாசியைக் காட்டினேன். "என் கண்ணால பார்த்தேன்"ங்கிற வரியை விரல் வெச்சுப் படிச்சுட்டுச் சரின்னு தலையாட்டிட்டார். அட்வான்ஸ் அனுப்பிட்டேன். அந்த வீடுதான், அதே ரெண்டாம் மாடி. மாமாவுக்கு லீவு இல்லை, நானும் வாலும் மட்டும் செப்டம்பர் ரெண்டாம் தேதி வரோம். இப்பவே கிளம்பினா ஏன் எதுக்குன்னு குடைவார். வந்ததும் நான் ஏழாம் மாடிக்கு வருவேன், வராதேன்னு சொல்லிப் பாரு.

ஆபரேஷனுக்கு முன்னாடி உன் முகத்தைப் பார்த்திடணும். குரல் போனா போகட்டும். நம்ம வீட்டுல உன் ஒருத்தன் சத்தத்தாலதான் மத்தவங்க வாயைத் திறக்கலை, இனிமே நாங்க பேசறோம். நீ இருந்தா போதும்.

தைரியமா இரு. சாப்பிட முடியுதா?

அக்கா

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பாடு தண்ணியாத்தான் இறங்குது. வலி தாங்குற அளவுதான். இது பொய் இல்லை.

திட்டு. ஆனா ஒண்ணு கேளு. உள்ளே போய்ப் பார்த்திருந்தா பத்து நிமிஷம் பார்த்திருப்பேன். இங்கேருந்து ஒவ்வொரு நாளும் பார்த்தேன். எந்த வீட்டுல சண்டை நடக்குது, எந்த ஆள் தள்ளாடிக்கிட்டு வரான், எந்தத் தெரு இருட்டு, எல்லாம் பார்த்தேன். தெரியற வீடு எல்லாத்தையும் கழிச்சுக் கழிச்சு இதை நிறுத்தினேன். அதனால மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது பொய் இல்லை. வாலு அங்கே இருந்தா அவ போறதும் வரதும் எனக்குத் தெரியும். கூப்பிடு தூரம்னு மாமா கேட்டார். கூப்பிடத்தான் முடியாது, பார்க்க முடியும்.

பயமா இருக்கு அக்கா. உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல.

ஆபரேஷனை முன்னாடி கொண்டுவந்துட்டாங்க. முப்பதாம் தேதி. தள்ளிப்போட முடியாதாம். நீ வரப்போ முடிஞ்சிருக்கும். ஏழாம் மாடியில இடது கோடியிலேருந்து மூணாவது ஜன்னல் என்னுது. முடிஞ்சதும் இதே கட்டிலுக்குத்தான் கொண்டுவருவாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. சிவப்புத் துண்டைக் கம்பியில கட்டி வெச்சிருக்கேன். பால்கனியில நின்னு பாரு, தெரியும்.

சுவிட்ச் போர்டை மட்டும் நான் பார்க்கலை. அதைப் பார்த்து எழுது.

ஸ்பீக்கர்

*

செப்டம்பர் 2

என் கண்ணான தம்பிக்கு,

வந்துட்டோம். நானும் வாலும் சுகம். நீ எப்படி இருக்கே? நாலு மணிக்குத்தான் மேலே விடுவாங்களாம், ஆஸ்பத்திரி கேட்டுல வாட்ச்மேன் எவ்வளவு கெஞ்சியும் அசையலை. பேர் சொல்லிக் கேட்டதுக்கு, "நாலு மணிக்கு வாங்கம்மா, டாக்டரே பேசுவார்"னு மட்டும் சொன்னான். உன்னைப் பார்த்தா அழுதிடுவேன், பேச்சு வராது. அதனால இப்பவே எழுதிக் கையில கொடுத்திடறேன். நீயும் எழுதித்தானே பேசணும்.

வீடு நீ சொன்னபடியே இருக்கு. ஓனரம்மா நாங்க கேட்டைத் திறந்து போட்டதுக்கு வந்த உடனே திட்டினாங்க, சிரிப்பு வந்துடுச்சு. அந்தப் பொண்ணு படியில உட்கார்ந்து படிக்குது. தொட்டிக்குப் புது மூடி போட்டுட்டாங்க. உள்ளே நீ பார்க்காததெல்லாம் எழுதறேன், கேட்டுக்கோ. சமையல்கட்டு சின்னது, ஒருத்தி நின்னா இன்னொருத்தி வெளியே நிக்கணும். குளியலறைத் தாழ்ப்பாள் கெட்டியா விழுது. ஜன்னலுக்குத் திரை ஒரு சாண் நீளம், மடிச்சுத் தைக்கணும். கூடத்துச் சுவிட்ச் போர்டுல ஆறு சுவிட்ச், ரெண்டு பிளக். ஓரத்துல ஒரு சுவிட்ச் மட்டும் வேலை செய்யலை. நீ எழுந்து வந்து சரி பண்ணு, வேற யாரையும் தொட விடமாட்டேன்.

பால்கனியில நின்னு ஏழாம் மாடியைப் பார்த்தேன். இடது கோடியிலேருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு. துண்டு இல்லை. யாரோ ஒரு வயசானவர் நின்னு பல் தேய்ச்சுக்கிட்டிருந்தார். நான் தப்பா எண்ணறேன்னு வாலு எண்ணிப் பார்த்தா. துண்டைத் துவைக்கப் போட்டிருப்பாங்க. ஆபரேஷன் ஆனவங்களைக் கொஞ்ச நாள் வேற அறையில வெச்சிருப்பாங்களாமே, ஓனரம்மா சொன்னாங்க. அப்படித்தான் இருக்கும்.

ஏணி வந்திருக்கார். இப்பதான். நீ சொன்ன மாதிரியே நெட்டை, நிலையில தலை இடிக்காம குனிஞ்சுதான் வரணும் அவர். தண்ணி கொடுத்தேன், குடிக்கலை. "தம்பி எப்படி இருக்கான்?"னு கேட்டேன். "எந்தச் சுவிட்ச் வேலை செய்யலைக்கா?"ன்னார். காட்டினேன். போர்டுகிட்ட போய் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறார். ஓரத்துச் சுவிட்சை விட்டுட்டு, நல்லா எரியற சுவிட்சைக் கழட்டறார்.

கையில உன் டெஸ்டர். பிடியில நீல டேப் சுத்தியிருக்கு.

அவன் கொடுத்தானான்னு கேட்டேன். திரும்பவே இல்லை. நீதான் அதை யாருக்கும் தரமாட்டியேடா. கூடப்பொறந்தவ புருஷனுக்கே தராதவன்.

வாலு உள்ளேருந்து, உன்னைப் பார்க்க எந்தச் சட்டை போட்டுக்கட்டும்னு கேட்கிறா. ஏணி எல்லா ஸ்க்ரூவையும் மாட்டிட்டார், மறுபடியும் ஒண்ணொண்ணாக் கழட்டறார். நாலு மணியாக இன்னும் நேரம் இருக்கு. நான் எழுதிக்கிட்டே இருக்கேன் தம்பி. நிறுத்தினா அவர் பேச ஆரம்பிச்சிடுவார்.